முகம் தின்ற துணி

முன்னொரு காலத்தில், மழைக்குப் பயந்து மீன்கள் தாமரை இலைக்கடியில் ஒதுங்கிய காலத்தில், ஓர் ஆற்றின் மேல்கரையில் ஒரு ராஜா, கீழ்கரையில் ஒரு ராஜா. இருவருக்கும் தீராத சண்டை. எதற்கென்று இருவருக்குமே மறந்துபோயிற்று.

மேல்கரைச் சந்தையில் நிழலாண்டி என்றொரு மந்திரவாதி யானை உயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தினான். அந்தி சாய்ந்தால் அதில் சண்டை தெரியும். மேல்கரைக்காரன் செத்தால் அவன் முகம் தெரியும், பெயர் கேட்கும், பிள்ளை அழுவது கேட்கும். சனங்களும் சேர்ந்து அழுவார்கள். கீழ்கரைக்காரர்களோ கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லாமல், உரித்த முட்டை மாதிரி நடமாடுவார்கள். நிழலாண்டி கறுப்புத் துணியால் கண்ணாடியைத் துடைத்தபடி, "பார்த்துக்கோங்க, அங்கே மனுசங்களே இல்லை" என்பான்.

அங்கே பொரி விற்ற பவளாயிக்கு வியாபாரம் அமோகம். ஆனால் வாயில் ஒரு பொரி இறங்காது. அவள் அக்காள் சொர்ணம் வாழ்க்கைப்பட்டது கீழ்கரையில்.

ஓர் அந்தியில் கண்ணாடியில் ஒரு வாசல் தெரிந்தது. வாசலில் கிளிக்கோலம். கிளிக்கு மூன்று வால். அவர்கள் அம்மா ஒருநாள் கை தவறிப் போட்ட மூன்றாவது வால் அது. அக்காளும் தங்கையும் வம்புக்கென்றே அப்படியே போட்டு வந்தார்கள். பக்கத்தில் முகமில்லாத ஒருத்தி, கையில் மாவுக் கொட்டாங்கச்சி.

அதே நேரம் முரசு அதிர்ந்தது. "கீழ்கரைக்குத் தீ வைக்கப் போகிறோம். பந்தங்களைக் கொளுத்துங்கள்!"

பவளாயி பொரி வாங்க வந்தவனிடம் கேட்டாள்: "அண்ணே, முகமில்லாதது கோலம் போடுமா?"

"பொரியைக் கட்டும்மா."

காவல்காரனிடம் கேட்டாள்: "ஐயா, முகமில்லாதது கோலம் போடுமா?"

"அதெல்லாம் அவங்க தந்திரம் தாயி. வழியை விடு."

பந்தத்தோடு நின்ற ராஜாவிடமே போய்க் கேட்டாள்: "மகாராசா, முகமில்லாதது கோலம் போடுமா?"

ராஜா நிழலாண்டியைப் பார்த்தார். நிழலாண்டி கோலத்தையும் துடைக்கத் துணியைத் தூக்கினான். அப்போதுதான் பவளாயிக்குக் கேட்டது. துணிக்குள் முணுமுணுப்பு. ஒருவர் இருவர் இல்லை, ஓர் ஊரே.

பிடுங்கினாள். பொரிச்சாக்கை உதறுவது போல் உதறினாள். முகங்கள் ஈர இலைகளாய்ப் பறந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டின. தத்தம் கழுத்தைத் தேடி ஊர்ந்தன. சொர்ணத்தின் முகம் கண் திறந்தது.

"அடியே பவளம், உனக்கு முகம் இருக்கா? எங்க சந்தைக் கண்ணாடியிலே உங்க கரையிலே ஒருத்தருக்கும் முகமே இல்லையேடி. இப்போ உங்களைக் கொளுத்தப் பந்தம் ஏந்தி நிக்கிறாங்க. அதோ, உன் பக்கத்துத் துணிக்காரன்... இங்கேயும் அவனேதான் நிக்கிறான்."

சந்தையில் நின்ற ஒவ்வொருவரும் மெல்லத் தங்கள் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பவளாயி துணியை நிழலாண்டியின் மூஞ்சியில் வீசினாள். அவன் அதை விலக்கியபோது அங்கே உரித்த முட்டைதான் இருந்தது. தடவித் தடவி இருட்டுக்குள் போனவன் திரும்பவில்லை. கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

ராஜா தன் பந்தத்தை ஆற்றில் அமுக்கினார். சொய்ங் என்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர்க்கரை இருட்டிலிருந்தும் சொய்ங் என்றொரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று.

விடிந்ததும் முதல் பரிசலில் சொர்ணம் வந்து இறங்கினாள். அரண்மனை வாசலில் மூன்று வால் கிளியைப் போடச் சொன்னது ராஜாவேதான். பவளாயி அன்றைக்குத்தான் வயிறார ஒரு படி பொரி தின்றாள்.

எல்லாம் சுபம்தான். அந்தத் துணி மட்டும் அகப்படவில்லை. எங்காவது ஒரு கறுப்புத் துணி முணுமுணுத்தால், காதைப் பொத்தாமல் ஓர் உதறு உதறிப் பாருங்கள்.