அடுத்த தலை

"இரண்டு தலைகள் வந்திருக்கின்றன, அம்மா. எதை வைப்பது?"

நேவியஸ் வாசலில் நின்றபடியே கேட்டான்.

தியோனா தட்டில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தேடி ஊரில் பலரும் கேள்வியோடு வருவார்கள். பாதிப் பேர் பதில் கிடைக்காமல் திரும்புவார்கள். மறுநாளும் வருவார்கள்.

"யாருடைய தலை?"

"சீசருடையது."

"சீசருக்கு இரண்டு தலையா?"

"சிரிக்காதீர்கள், அம்மா. சீசரே இப்போது இரண்டு பேர்."

ஆற்றங்கரைப் படை ஒருவரைத் தோளில் தூக்கி, இவர்தான் சீசர் என்றது. மலைப்பக்கத்துப் படை இன்னொருவரைத் தூக்கியது. இருவரும் தங்கள் முகத்தைக் கல்லில் செதுக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். ரோமிலிருந்து வெகுதூரத்தில் இருந்த இந்த ஊருக்கும் இரண்டும் வந்து சேர்ந்தன. சதுக்கத்துச் சிலையில் பொருத்து என்பது உத்தரவு. இரண்டு உத்தரவும் ஒரே மாதிரி இருந்தன.

இன்று ஏதோ ஒரு படை ஊருக்குள் வரும். நேற்று இருட்டியதும் தூரத்துக் குன்றில் தீ தெரிந்தது. அது எந்தப் படையின் தீ என்று யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு ஒரே சாலை, ஒரே வாசல். எவர் வந்தாலும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"தவறான தலையை வைத்தால்?" என்றாள் தியோனா.

"என் தலை போய்விடும்."

"ஒன்றும் வைக்காவிட்டால்?"

"அப்போதும்."

சிலையின் பொறுப்பை ஊர் மன்றம் நேவியஸிடம் கொடுத்திருந்தது. அவன் தகப்பன் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். அந்தக் குடும்பத்தில் எழுதப் படித்து, மன்றத்தில் இடம் பிடித்த முதல் ஆள் நேவியஸ். மற்றவர்கள் தவறு செய்தால் தவறு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அவன் செய்தால், அடிமை மகன் வேறென்ன செய்வான் என்பார்கள். அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்த்தே பழகிவிட்டான். தியோனாவிடம் பாடம் கேட்க வந்ததும் அந்தப் பயத்தினால்தான்.

"வேறொன்றும் கேட்க வேண்டும்," என்றான்.

"கேள்."

"ரோம் ஒரு காலத்தில் சின்ன ஊர்தானே. அது எப்படிக் கடலுக்கு இந்தக் கரையையும் அந்தக் கரையையும் ஆண்டது? இன்று ஏன் ஒரு சீசர் அடுத்த அறுவடை வரைக்கும்கூட நிலைப்பதில்லை?"

தியோனா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"பழைய கோயிலில் முதல் சீசர் நிற்கிறாரே, அவர் தலை கழலுமா?"

"கழலாது. உடம்பும் தலையும் ஒரே கல். செதுக்கி முடிக்க வருஷக்கணக்கில் ஆனதாம். சிற்பி அவசரப்படவில்லை. முடிக்கும்போதும் சீசர் இருப்பார் என்று அவனுக்குத் தெரியும்."

"சதுக்கத்தில் இருப்பது?"

"அது என் காலத்தில் வைத்தது. மன்றத்தில் நான் சொன்ன யோசனை." அவன் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. "சிலை முடிவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். எத்தனை கல்லை வீணாக்குவது? கவசம் போட்ட உடம்பு ஒன்று செய்தோம். கழுத்தில் ஒரு குழி. ஆள் மாறினால் தலையை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டு அதேபோல் செய்துகொண்டார்கள்."

"நல்ல யோசனை," என்றாள் தியோனா.

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் நேவியஸுக்கு என்னவோ போல் இருந்தது.

"இதுவரை எத்தனை தலை மாற்றினாய்?"

"ஏழு."

"ஏழு பேரும்?"

"ஒருவரும் படுக்கையில் சாகவில்லை. தூக்கி வைத்தவர்களே கீழே போட்டார்கள்." நேவியஸ் குரலைத் தாழ்த்தினான். "அதுதான், அம்மா, எனக்குப் புரியவில்லை. முன்னால் ஏறியவன் கதி கண்ணெதிரே இருக்கிறது. தெரிந்தும் அடுத்தவன் ஏன் ஏறுகிறான்?"

தியோனா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"உன்னிடம் ஏணி இருக்கிறதா?"


சதுக்கத்தில் காலைக் கடைகள் திறந்திருந்தன. பாதிக் கடைகள்தான். மற்றவர்கள் குன்றில் தீயைப் பார்த்ததுமே மூட்டை கட்டிவிட்டார்கள்.

வெங்காயம் விற்கும் பிரிஸ்கா மட்டும் சிலைக்குக் கீழே எப்போதும் போல் கூடையைப் பரப்பியிருந்தாள். ஏணியோடு வந்த நேவியஸைப் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நேவியஸ் ஐயா, போன தலைக்கு மூக்கு லட்சணமாக இருந்தது. அதையே விட்டிருக்கக் கூடாதா?"

"உன் வியாபாரத்தைப் பார்."

"எங்கே பார்க்கவிடுகிறீர்கள்? நான் கும்பிட்டு முகம் பழகுவதற்குள் வேறு முகம் வந்துவிடுகிறது."

சிலை வெறும் கழுத்தோடு நின்றது. பழைய தலையைப் போன வாரமே எடுத்தாகிவிட்டது. பீடத்தின் கீழே இரண்டு சாக்குகள். இரண்டிலும் ஒவ்வொரு தலை.

"எதை எடுக்கட்டும், அம்மா?"

"குழி எப்படி இருக்கிறது?"

"நடுவில் மழை பெய்தது. நான் ஏறிப் பார்க்கவில்லை."

"முதலில் அதைத் துடை."

படை வந்துகொண்டிருக்கும்போது துடைப்பது ஒரு கேடா என்று நேவியஸுக்குத் தோன்றியது. ஆனால் துடைக்காத குழியில் தலை சரியாக உட்காராது என்பதும் அவனுக்குத் தெரியும். ஏணியைச் சிலையின் முதுகில் சாய்த்தான். தியோனா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் ஏறினான்.

குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அழுகிய இலை, பாசி, புறா எச்சம். கல் தோள்களில் முழங்கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, துணியால் வழித்தெடுத்தான். கை எட்டுவதற்காக இன்னும் ஒரு படி ஏறினான். இப்போது அவன் முகவாய் சரியாகக் கழுத்துக்கு மேலே இருந்தது.

நகர வாசல் திறந்தது.

வாசலிலிருந்து சதுக்கம் வரை நேர்ச் சாலை. சாலை முழுதும் தூசி எழும்பியது. தூசிக்குள் கேடயங்கள் தெரிந்தன. வெயில் சிலைக்குப் பின்னாலிருந்து வீரர்களின் கண்ணில் அடித்தது.

எந்த ஊருக்குள் நுழைந்தாலும் சீசரின் சிலையைக் கண்டதும் வலக்கையை உயர்த்திக் கூவுவது படையின் வழக்கம். முன்வரிசை கையை உயர்த்தியது.

"வாழ்க சீசர்."

நேவியஸ் விறைத்துப்போனான். வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டார்கள், தொலைந்தோம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பார்த்தது வெறும் கழுத்தை அல்ல, அதற்கு மேலே இருந்த அவன் தலையை.

இரண்டாம் வரிசை கூவியது. அந்தச் சத்தம் கல்லின் மார்பில் மோதி, அதன் வழியாக அவன் மார்புக்கு வந்தது. இத்தனை பேர் ஒரே குரலில் அவனைப் பார்த்து எதையும் சொன்னதில்லை. மன்றத்தில் அவன் பேச எழுந்தால் பின்வரிசையில் யாராவது கனைப்பார்கள். அவ்வளவுதான் அவன் கண்ட மரியாதை.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"இறங்கு, நேவியஸ்," என்றாள் தியோனா.

மூன்றாம் வரிசை கூவியது.

"கிட்டே வந்துவிட்டார்கள். இறங்கு."

"கொஞ்சம் பொறுங்கள், அம்மா. இன்னும் ஒரே ஒரு தடவை."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவனுக்கு உறைத்தது.

கீழே பார்த்தான். தியோனா ஏணியைப் பிடித்தபடி அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எத்தனையாவது தலை?" என்று கேட்டாள்.

நேவியஸ் இறங்கினான். கடைசிப் படியில் கால் தடுமாறியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

படைத்தலைவன் குதிரையில் வந்து நின்றான். மேலே குழியைப் பார்த்தான். கீழே சாக்குகளைப் பார்த்தான்.

நேவியஸ் உள்ளதைச் சொன்னான்.

"இரண்டு தலைகள் வந்திருக்கின்றன, ஐயா. உங்களுடையது எது என்று சொன்னால் வைத்துவிடுகிறேன்."

"எங்களுடையது இனி தேவைப்படாது. எங்கள் சீசர் நேற்று வழியில் இறந்துவிட்டார்."

"எப்படி, ஐயா?"

"இறந்துவிட்டார் என்றேனே."

பின்னால் நின்ற வீரர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

தலைவன் குதிரையிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். களைத்திருந்தான்.

"மற்ற சீசருடைய படை எங்கள் பின்னாலேயே வருகிறது. சீசர் என்று ஒருவர் இல்லாமல் இவர்கள் வாளை உருவமாட்டார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் எனக்கு ஒரு ஆள் வேண்டும்." அவன் மேலே கையைக் காட்டினான். "இப்போது அங்கே ஒருவன் நின்றான். நல்ல உயரம். வெயிலில் முகம் தெரியவில்லை. என் ஆட்கள் சிலை என்று நினைத்துக் கூவினார்கள். அது அசைந்ததும் ஆள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கூவினார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. யாரய்யா அவன்?"

பிரிஸ்கா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு வெங்காயத்தை அடுக்க ஆரம்பித்தாள்.

நேவியஸ் தியோனாவைப் பார்த்தான். அவள் ஏணியைத் தரையில் கிடத்திவிட்டுக் கைத்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீரர்கள் காத்திருந்தார்கள். வரிசை வரிசையாக, வாசல் வரைக்கும்.

அவன் கையில் ஈரத்துணி இருந்தது. அதில் பாசி ஒட்டியிருந்தது.

"குழியைத் துடைக்க ஏறியவன், ஐயா," என்றான். "இறங்கிவிட்டான்."