மாஸ்டரின் கண்

பயிற்சியாளர் வாயிலிருந்து முதலில் வரவேண்டியது எது, சொல்லுங்கள் பார்ப்போம்?

கபடி அணியில் சேர ஆசைப்பட்ட பன்னிரண்டு வயது பூங்கோதையை அப்பா உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

"ஐம்பது தண்டால் எடு, பாப்பா!" என்று மீசையை முறுக்கினார் மாஸ்டர் வீரபாகு.

பூங்கோதைக்குச் சந்தேகம் தட்டியது. "போன வருஷம் முறிஞ்ச எலும்பு தாங்குமா, மாஸ்டர்?"

"தாங்கும். ஆளைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்."

"எந்த எலும்புன்னுமா?"

"இடது கால்! நொண்டிக்கிட்டுதானே வந்தே?"

"அது செருப்புக் கடி, மாஸ்டர். முறிஞ்சது மணிக்கட்டு."

அப்பாவின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளர் கலா, "இப்பவும் வலிக்குதாம்மா? எங்கே, காட்டு" என்றாள்.

பூங்கோதை கலாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.