இரண்டாவது பூட்டு

கடலோரத்துக் கல்லூரி ஒன்றின் கால்பந்து மைதானத்தில், கேலரிப் படிகளுக்கு அடியில், கூச்சல் என்று ஒருத்தி குடியிருந்தாள். அவளுக்குச் சொந்தமாகத் தொண்டை கிடையாது. ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் தொண்டையை இரவல் வாங்கித்தான் பிழைப்பு.

ஆண்கள் அணி ஆடும் நாளென்றால் விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பையன்கள் பைக்கில் கொடி கட்டிக்கொண்டு வருவார்கள். மேளக்காரர்கள் மேல்படியைப் பிடித்துக்கொள்வார்கள். சுண்டல் பொட்டலம் கைமாறிக் கைமாறிப் போகும்போது பாதி காலியாகும். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் போதும், கூச்சல் தொண்டைக்குத் தொண்டை தாவிக் கேலரியையே ஆட்டி வைப்பாள். அந்த அணி கோப்பையைத் தொட்டுப் பல வருஷமாகிறது. அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. தோற்கிறவர்களுக்காகக் கத்துவதில் உள்ள சுகமே தனி என்பாள் கூச்சல்.

பெண்கள் அணி ஆடும் நாளில் மட்டும் கேலரி கேட்டில் பூட்டு தொங்கும்.

அப்படி ஒரு நாள், உடற்கல்வித் துறையின் பி.டி. சார், கேப்டனும் கோல்கீப்பருமான பெல்சியாவிடம் கேட் பக்கத்தில் நின்று பேசியது கூச்சலின் காதில் விழுந்தது.

"இதான் கடைசி, பெல்சியா. இன்னைக்கும் ஆள் வரலேன்னா அடுத்த வருஷம் லேடீஸ் டீம் வேண்டாம்னு சொல்லிருவேன். யாரும் பாக்காத ஆட்டத்துக்கு எதுக்கு டீம்?"

"கேட்டத் தொறந்து விடுங்க சார், வருவாங்க."

"பயலுவ வந்து கண்டபடி கத்துவானுவ. உங்க நல்லதுக்குத்தான் பூட்டிருக்கு. சத்தத்துக்கு ஸ்பீக்கர் வச்சிருக்கம்லா."

அவர் போனதும் கூச்சலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகப் பூட்டிடம் போனாள்.

"ஏன் பூட்டிக் கிடக்கிறாய்?"

"ஆள் வருவதில்லை. அதனால்தான்."

"ஆள் ஏன் வருவதில்லை?"

"பூட்டியிருந்தால் எப்படி வருவார்கள்?"

"நீ சொல்வது உன் காதிலேயே விழுகிறதா?"

"நான் பூட்டு. சாவி சொன்னால் திறப்பேன். நியாயம் கேட்பதென்றால் சாவியிடம் போய்க் கேள்."

சாவி பி.டி. சாரின் பாக்கெட்டில் இருந்தது.

கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தது. "எதற்கு இந்தச் சண்டை? போன வருஷம் ஆண்கள் ஆட்டத்தில் நீ போட்ட சத்தம் முழுசாக என்னிடம் பதிவாகி இருக்கிறது. அதையே போடுகிறேன். நீ படுத்துத் தூங்கு."

"அது நானில்லை. நான் கழற்றிப் போட்ட சட்டை."

ஆட்டம் தொடங்கியது. ஸ்பீக்கரும் தொடங்கியது. பெல்சியா பாய்ந்து விழுந்து ஒரு பந்தைப் பிடித்தாள். ஸ்பீக்கரிடமிருந்து ஒரு மூச்சில்லை. பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு போனது. மேளம் பிளந்து கட்டியது. ஒருத்திக்குக் கால் சுளுக்கியது, கைதட்டல். இடைவேளைக்குச் சற்று முன் எதிரணி ஒரு கோல் போட்டது. போன வருஷம் அதே சமயத்தில் ஜெனிஸ் என்ற பையன் கோல் போட்டிருந்தானாம். "ஜெனிஸ், ஜெனிஸ்" என்று ஸ்பீக்கர் குதூகலித்துக் கொண்டாடியது. மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்த சிறப்பு விருந்தினரும் சேர்ந்து கைதட்டினார்.

தடுப்பாட்டக்காரி ஷாமிலி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எட்டீ, நம்ம ஸ்பீக்கர் எந்தக் காலேஜ்?"

பி.டி. சார் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். மைதானம் கப்சிப் என்றானது.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதில், பெல்சியா காக்கும் கோல் கம்பம் கேலரிப் பக்கம் வந்தது. அந்த அமைதியில் கூச்சலுக்கு ஒரு குரல் கேட்டது.

"ஷாமிலி, எடது பக்கம் ஆளு. விடாத. நீ ஏறிப் போடி, நான் இருக்கேன்."

கூச்சல் திடுக்கிட்டாள். கேலரி கொடுத்தால்தான் தனக்குத் தொண்டை என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். இதோ ஒரு தொண்டை, கேட்டும் இல்லை, பூட்டும் இல்லை. இங்கே தேடிப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லையே.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றது பூட்டு.

"நீ ஆளைத்தானே தடுப்பாய்," என்று கம்பிகளுக்கு நடுவே நழுவிப்போய் பெல்சியாவின் தொண்டைக்குள் இறங்கினாள்.

பெல்சியாவின் அடுத்த சத்தம் மதில் தாண்டி பஸ் ஸ்டாப்பில் போய் விழுந்தது. அங்கே மீன் விற்று முடித்த பெண்கள் காலிப் பாத்திரங்களோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

"இது நம்ம ஆன்றோஸ் மவ பெல்சியா சத்தம்லா," என்றாள் பிலோமினாள். "எவன ஏசுதா?"

பாத்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே இன்னொருத்தி, அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. கூச்சல் ஒரே தாவாகத் தாவினாள். அலைச் சத்தத்துக்கு மேலே ஏலம் கூவிப் பழகிய தொண்டைகள். இப்படி ஒரு வீடு அவளுக்கு எந்தக் கேலரியிலும் கிடைத்ததில்லை. நிற்க இடமில்லாதவர்கள் பாத்திரத்தைத் தட்டினார்கள். ஹாஸ்டல் ஜன்னல்கள் திறந்தன. பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, கண்டக்டர் இறங்கிவந்து மதிலில் தொற்றிக்கொண்டார். ஷாமிலி ஏறிப்போய் அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தபோது, பதிவு செய்யாத, பிசிறடித்த, அந்த நொடியிலேயே பிறந்த ஒரு சத்தம் எழுந்தது. ஆட்டம் சமனில் முடிந்தது.

மறுநாள் பி.டி. சார் கேலரி கேட்டில் ஒரு புதுப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பழையது அதன் பக்கத்திலேயே தொங்கியது. பெல்சியா வந்து நின்றாள்.

"கேலரியில நேத்தும் ஆள் இல்ல, பாத்தியா," என்றார் அவர். "மதிலுக்கு வெளிய நின்னதெல்லாம் கணக்குல வராது. அடுத்த ஆட்டத்துக்கு அவங்க இங்கயே ஏறி வந்துருவாங்க போல, அதான்..."

"ஆள் வராதுன்னு ஒரு பூட்டு, சரி. ரெண்டாவது பூட்டு யாருக்கு சார்?"

பி.டி. சார் இரண்டு பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுத்த வருஷத்து லேடீஸ் டீம் ஜெர்சிக்கு அவளிடம் அளவு கேட்டார்.

படிகளுக்கு அடியில் கூச்சலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிக்கத் தொண்டை வேண்டுமே. பெல்சியாவுடையதை எடுத்துக்கொண்டாள்.