பிரம்பும் பன்னிரண்டு சோழிகளும்

ஏரிக்கும் நெல்லுக்கும் குறைவில்லாத மருதங்காட்டு நாட்டை நெடுங்காலத்துக்கு முன் செம்பியத்தரையன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். கல்வியின்மேல் அவனுக்கு அளவற்ற பற்று இருந்தது, பொறுமைதான் இல்லை.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிதோறும் பள்ளிப் பிள்ளைகள் அரசவைக்கு வந்து, அரசன் கேட்கும் செய்யுட்களை ஒப்பிக்க வேண்டும். நன்றாக ஒப்பித்தவர்களுக்கு அரசனே மாலை சூட்டுவான். தடுமாறியவர்களுக்கு அவரவர் பள்ளியில் பிரம்படி விழும். ஏழு வயது இளவரசி அமுதவல்லியும் அவர்களோடு நின்று ஒப்பிப்பாள். அவள் தடுமாறினால் அரசன் தன் கையாலேயே அடிப்பான். கைக்கு ஒன்றாக இரண்டு அடி.

ஒரு பௌர்ணமியன்று, பிள்ளைகள் கலைந்து சென்றபின், அரசவைப் பண்டிதர் திரிபுராந்தகர் எழுந்தார். அமைச்சர் பெருநம்பிக்கு அரசன் காட்டிய மதிப்பு பண்டிதரின் கண்ணை நெடுநாளாக உறுத்திவந்தது.

“அரசே, ஓராண்டாகக் கவனித்துவருகிறேன். மாலை பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்த பௌர்ணமியில் சறுக்குகிறார்கள். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் முன்னேறுகிறார்கள். மாலை கெடுக்கிறது, பிரம்பு திருத்துகிறது. அமைச்சர் கண்ணுக்கு இது ஏனோ படவில்லை. மாலையை நிறுத்திவிட்டுப் பிரம்படியை இருமடங்காக்க வேண்டும்.”

அரசன் தன் மகளை நினைத்துப்பார்த்தான். அவளும் அப்படித்தான் ஏறியும் இறங்கியும் வந்தாள்.

“உண்மைதான். ஆணையை எழுதுங்கள், நாளைக் காலையில் முத்திரையிடுகிறேன்.”

“தென்கரைப் பள்ளி ஆசிரியர் கூத்தபிரான் பிரம்பைத் தொடவே மறுக்கிறார், அரசே.”

“இனியும் மறுத்தால் நாட்டைவிட்டு வெளியேறட்டும்.”

அவையின் ஓரத்தில் நின்ற கூத்தபிரான் கைகூப்பினார். “வெளியேறுவது எனக்கு எளிது, அரசே. ஆனால் நான் போனபின் பிள்ளைகளை அடிப்பதற்கென்று ஒருவர் வருவாரே.”

அவை கலைந்தது.

மறுநாள் காலையில், முத்திரை மோதிரம் ஆணையின்மேல் படியும் நேரத்தில், பெருநம்பி குறுக்கிட்டார்.

“அரசே, பண்டிதரின் முறையை ஒருமுறை சோதித்துப்பார்க்கலாமா? பிள்ளைகள்மேல் வேண்டாம், நம்மேல்.”

“எப்படி?”

“அவையோர் நாற்பது பேர் இருக்கிறோம். ஆளுக்குப் பன்னிரண்டு சோழிகளை உருட்டுவோம். மிகுதியாக மல்லாத்தியவர் பதின்மருக்கு மாலை. குறைவாக மல்லாத்தியவர் பதின்மருக்குக் கைக்கு ஒன்றாக இரண்டு அடி. பிறகு மீண்டும் உருட்டுவோம்.”

அரசனுக்கு வேடிக்கையில் விருப்பம் உண்டு. “ஆகட்டும்,” என்றான்.

சோழிகள் உருண்டன. பண்டிதருக்கு மல்லாந்தவை இரண்டே. அடி விழுந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மாலை பெற்ற பதின்மரின் கூட்டுத்தொகை எண்பத்திரண்டு, அடிபட்டவர்களுடையது முப்பத்தேழு. மறுமுறை உருட்டியபோது மாலைக்காரர்கள் அறுபத்தொன்றுக்கு இறங்கினார்கள். அடிபட்டவர்கள் ஐம்பத்தெட்டுக்கு ஏறினார்கள்.

பண்டிதர் வீங்கிய கையை மறந்து எழுந்தார். “பார்த்தீர்களா, அரசே? பிரம்பு சோழியைக்கூடத் திருத்துகிறது.”

“அப்படியே தோன்றுகிறது,” என்றார் பெருநம்பி. “இப்போது முறையை மாற்றிப்பார்ப்போம். மறுபடி உருட்டுவோம். இம்முறை குறைந்தவர்களுக்கு மாலை, மிகுந்தவர்களுக்கு அடி.”

இம்முறை பண்டிதருக்குப் பத்துச் சோழிகள் மல்லாந்தன. காவலன் பிரம்புடன் வந்து நின்றான்.

“முன்பு குறைந்ததற்கு அடித்தீர்கள், இப்போது கூடியதற்கு அடிப்பீர்களா? நான் செய்த பிழைதான் என்ன?” என்றார் பண்டிதர்.

“பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள், பண்டிதரே. கையை நீட்டுங்கள்,” என்றார் அமைச்சர்.

அடி விழுந்தது. மீண்டும் சோழிகள் உருண்டன. மாலை பெற்றவர்கள் முப்பத்தொன்பதிலிருந்து அறுபத்திரண்டுக்கு ஏறினார்கள். அடிபட்டவர்கள் எண்பதிலிருந்து ஐம்பத்தொன்பதுக்கு இறங்கினார்கள்.

“அரசே, முதலில் பிரம்பு திருத்தியது, பிறகு மாலை திருத்தியது. உண்மையில் இரண்டும் எதுவும் செய்யவில்லை. மிக நல்ல ஆட்டத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் நடுத்தரமான ஆட்டம். மிக மோசமான ஆட்டத்துக்குப் பின்னும் அதுவே. இடையில் நின்ற பிரம்பு அந்தப் பெருமையைத் தனதாக்கிக்கொண்டது,” என்றார் பெருநம்பி.

அரசனின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “சோழிக்கு அறிவில்லை, அமைச்சரே. பிள்ளைகள் கற்கிறார்களே.”

“கற்கிறார்கள், ஆனால் மெதுவாக. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பசி, ஒரு நாள் தெரிந்த செய்யுளே கேள்வியாக வருகிறது. ஆகவே ஒப்பித்தலும் ஏறி இறங்குகிறது.” அவர் அன்றும் அவையின் ஓரத்தில் நின்ற ஆசிரியர் பக்கம் திரும்பினார். “கூத்தபிரானே, உம் பள்ளியில் தடுமாறிய பிள்ளைகள் அடுத்த பௌர்ணமியில் என்ன ஆனார்கள்?”

“பெரும்பாலோர் முன்னேறினார்கள்.”

“எத்தனை அடி கொடுத்தீர்?”

“ஓர் அடியும் இல்லை.”

“பண்டிதரே, ஓராண்டாகக் கவனித்தவர் நீர். இவர் கூறுவது பொய்யா?”

பண்டிதர் இரு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். “பொய்யில்லை. அவர்களும் மற்றவர்களைப் போலவே முன்னேறினார்கள். நான் அதைச் சொல்லாமல் விட்டேன்.”

அரசன் ஆணையைக் கிழித்தான். தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் பெருநம்பியின் விரலில் அணிவித்து, “இனிப் பள்ளிகளைப் பற்றிய ஆணைகளுக்கு நீரே முத்திரையிடுவீர்,” என்றான். நாட்டிலுள்ள பள்ளிகளின் பிரம்புகளை எல்லாம் பண்டிதர் தம் தோளிலேயே சுமந்துவந்து அடுப்பிலிட வேண்டும் என்று பணித்தான். கூத்தபிரான் தென்கரைக்கு நடந்தார்.

பிறகு அரசன் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு தனியே அந்தப்புரம் சென்றான்.

அமுதவல்லி சாளரத்தின் அருகில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். முதல்நாள் ஒப்பித்தபோது அவள் தடுமாறியிருந்தாள், அதற்கான அடி இன்னும் விழவில்லை. தந்தையின் காலடி கேட்டதும் சுவடியைக் கீழே வைத்தாள், எழுந்து நின்றாள், கண்களை இறுக மூடிக்கொண்டு வலக்கையை நீட்டினாள்.

“அம்மா, இன்று அடியில்லை,” என்று சொல்ல நினைத்தான். மாலையை அந்தச் சிறு கையில் மெல்ல வைத்தான்.

அவள் கண் திறக்கவில்லை. அந்தக் கையைத் தாழ்த்திக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள்.