தொள்ளாயிரத்து நாற்பது கால்கள்

ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஆசிரியை பௌசியாவுக்கு முப்பத்தொரு வயது. சீடர் ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தாறு. வருகிறவர்கள் எல்லாம் அவரையே முதலாளி என்று நினைத்துப் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர் கூச்சத்தோடு அவள் பக்கம் கையைக் காட்டுவார்.

அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் அம்பத்தூரில் ஊசி ஃபேக்டரி. வளைந்த ஊசிகளை நிமிர்த்துகிற பெஞ்சு. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அந்த வருஷங்கள் எல்லாம் வீணாய்ப் போனதாக அவருக்கு நினைப்பு.

ஒரு சனிக்கிழமை காலை கேட்டார்.

"டீச்சர், பழசை எல்லாம் எப்படி மறக்கறது? தலையில அதுவே உட்கார்ந்திருந்தா புதுசு எப்படி ஏறும்?"

"அந்த ஃபேனைக் கழட்டித் தூசு தட்டுங்கண்ணா," என்றாள் பௌசியா.

மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் ஹெலனுடையது. கண் தெரியாத கல்லூரிப் பெண். அவளுக்குப் பாடங்களை வாசித்துக் காட்டுவது அந்தப் பழைய மெஷின்தான். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை.

இந்த மாதிரி மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் ஃபேனைக் கழற்ற வேண்டும். ஃபேனுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும்; சூட்டில்தான் இளகும். பிறகு லேசாகத் திருகி எடுக்கலாம். பௌசியா இதை இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஏகாம்பரம் குளிர்ந்து கிடந்த மெஷினில் ஒரே இழுப்பாக இழுத்தார். ஃபேனோடு ஒட்டிக்கொண்டு, மெஷினுக்கு மூளையான ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அதன் அடியில் தொள்ளாயிரத்து நாற்பது பின்கள், மயிரிழை தடிமனில். ஒரு மூலை முழுக்கச் சாய்ந்து கிடந்தது.

"இந்த மாடல் இப்ப வர்றதில்லை. தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது," என்றாள் பௌசியா. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு இந்த வேலை சரிப்படாது டீச்சர். நான் கிளம்பறேன்."

அவள் மேஜை டிராயரிலிருந்து லெட் இல்லாத ஒரு மைக்ரோ டிப் பென்சிலை எடுத்தாள்.

"இந்த முனையில பின்னை நுழைச்சு நிமிர்த்துவாங்க. நான் செஞ்சா பத்துக்கு ரெண்டு உடைச்சிடுவேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு நிமிர்த்திட்டுப் போங்க."

ஒன்றை நிமிர்த்தினார். அப்புறம் பக்கத்துப் பின்னையும். எங்கே இன்னும் துளி அழுத்தினால் முறியும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. நாற்பத்தொரு பின்கள். ஒன்றுகூட உடையவில்லை.

ப்ராசஸரை உட்காரவைத்து, புது பேஸ்ட் தடவி, ஸ்விட்சைப் போட்டார்கள். சிறிது நேரத்தில் மெஷின் ஹெலனின் பாடத்தை விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது. ஏகாம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ரொம்ப நன்றி டீச்சர்."

"இப்ப இந்த ப்ராசஸர் என்ன பண்ணுச்சு தெரியுமாண்ணா?"

"தெரியாதே."

"1978-ல 8086-னு ஒண்ணு வந்துச்சு. இதோட வம்சத்துல மூத்தது. அப்புறம் 286, 386, பென்டியம்னு எவ்வளவோ வந்தாச்சு. இது அந்த மூத்ததைவிட ஆயிரம் மடங்கு வேகம். ஆனா ஸ்விட்ச் போட்டதும் முதல்ல அந்த 8086 மாதிரியேதான் எழுந்திருக்கும். ஒரு எம்பிக்கு மேல மெமரி இருக்கறதே தெரியாது. அப்புறம்தான் தன்னோட உயரத்துக்கு வரும்."

"தினமுமா?"

"எழுந்திருக்கற ஒவ்வொரு தடவையும்."

ஏகாம்பரம் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த பெஞ்சுல உங்களுக்குக் கத்துக்கொடுத்தது யாருண்ணா?"

"நாதமுனி மேஸ்திரி."

"இருக்காரா?"

"ஆவடியில இருக்காரு. ஃபேக்டரி மூடினதுலேர்ந்து நான் போய்ப் பார்க்கவே இல்லை."

பௌசியா ஹெலனின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மெஷின்மேல் ஒட்டினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவுண்ணா," என்றாள். "பென்சிலை எடுத்துட்டுப் போங்க."