ஒன்றரை அடி

“அந்த ஒன்றரை அடி என் பிராணனை வாங்குது, டீச்சரம்மா!”

ஆறாவது வரைபடத்தையும் சுருட்டிக்கொண்டு சவரிராயன் வந்து சேர்ந்தார்.

தில்ஷாத்தின் பட்டறை வாசலுக்குப் படி கிடையாது. சந்திலிருந்து ஒரு கையை ஊன்றி, ‘யேசுவே’ என்று எம்பித்தான் உள்ளே ஏற வேண்டும்.

“ஊருக்கெல்லாம் வழி கட்டுறீங்க. உங்க வாசலுக்கு ஒரு படி வைக்கக்கூடாதா?”

“வைக்கலாம், மேஸ்திரி,” என்றாள் அவள். ஆறு மாதமாக இதே பதில்தான்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷம் காம்பவுண்டு சுவர் கட்டியவர். அவளுக்கு முப்பத்தொன்று. கட்டடங்களுக்கு நடுவே வீணாய்க் கிடக்கிற இடுக்குகளில் வழியும் பாலமும் அமைப்பது அவள் வேலை. சுவர் கட்டியே சலித்துப்போன சவரிராயன் ஒரு நாள் அவள் வாசலில் வந்து, “எனக்கும் கத்துக்கொடுங்க” என்று நின்றார்.

அவள் கொடுத்த முதல் வேலை இதுதான். மண்ணடிப் பகுதியில் நெருங்கி நிற்கும் இரண்டு நாலுமாடிக் கட்டடங்கள். நடுவே மூன்றே அடி. கீழே குப்பை, மேலே சண்டை. மூன்றாம் மாடியில் இரண்டையும் இணைத்துக் காட்டு என்றார்கள் கட்டடச் சொந்தக்காரர்கள். வரைபடம் கொடுக்க இன்று மாலை ஐந்து மணி வரை தவணை. தவறினால் இரு முனையிலும் தகரம் அடித்து, இடுக்கைப் பார்த்த ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து மூடிவிடுவார்கள்.

“ரெண்டு பக்கமும் தரை மட்டம் சேரலையே! ஒரு வீடு ஒன்றரை அடி மேலே நிக்குது. படி போட்டா யார் வீட்டுக்குள்ள போடறது? இவங்க அவங்களைக் காட்டுறாங்க, அவங்க இவங்களைக் காட்டுறாங்க. நடுவுலயே போட்டா, மூணடியையும் படியே தின்னுடும். அப்புறம் அது பாலம் இல்ல, ஏணி.”

தில்ஷாத் வரைபடத்தைப் பிரிக்கவேயில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து நீட்டினாள்.

“அந்த இடுக்குல விழுந்து கிடக்கிறதைப் பொறுக்குங்க. உரியவங்க கையில கொடுத்துட்டு வாங்க.”

“மணி ஒண்ணு ஆச்சு! இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு!”

“அப்போ ஏன் நிக்கிறீங்க?”

துணி கிளிப்புகள். ஒற்றைச் செருப்பு. ஒரு கரண்டி. டிவி ரிமோட். பால் புட்டியின் மூடி.

இரண்டு கட்டடத்திலும் லிஃப்ட் இல்லை. ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

முதல் மாடியில் ரிமோட்டைப் பார்த்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். “இதுக்காக நாலு மாசமா மச்சான்கிட்ட பேசாம இருக்கேனே, சார்!” அப்படியே ஃபோனை எடுத்து மச்சானை அழைத்தார்.

கரண்டியை யாரும் வாங்கவில்லை. “எங்களுது இல்ல. எதிர்க் கட்டடத்து மூணாம் மாடி சுலோச்சனாம்மா வீசினது.”

“யார் மேல?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

மூன்றாம் மாடியில் புட்டி மூடிக்குச் சொந்தக்காரி ரோஸ்லின். தோளில் சின்னஞ்சிறு குழந்தை. மூடியை வாங்கும்போதும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“அக்கா, போயிடாதீங்க! மூடி கிடைச்சிடுச்சு!”

எதிர் ஜன்னலில், கொஞ்சம் உயரத்தில், கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண்மணி நின்றிருந்தாள்.

“பிறந்து நாப்பது நாள், சார். தூங்கினா மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பார்த்துட்டே இருப்பேன். தனியா இருந்தா பயம் வந்துடும். அக்கா எதிர்ல இருந்தா ஒண்ணும் தெரியாது.”

“ஜன்னலை மூடிட்டா?”

ரோஸ்லின் புட்டிக்கு மூடி போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

சவரிராயன் மூன்று மாடி இறங்கி, எதிரே மூன்று மாடி ஏறினார்.

“என் கரண்டி!” என்றாள் சுலோச்சனா. “பூனை மேல போட்டேன். பூனை தப்பிச்சிடுச்சு, கரண்டி போயிடுச்சு.”

“எவ்வளவு நேரம்மா இப்படி நிப்பீங்க?”

“அவ வீட்டுக்காரர் வர்ற வரைக்கும். முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. உட்கார்ந்தா இந்த ஜன்னல் சுவர் மறைச்சிடும், பிள்ளை முகம் தெரியாது. என்ன பண்றது? பயப்படுற பொண்ணை விட்டுட்டு உட்கார முடியுமா?”

பட்டறைக்குத் திரும்பியபோது மணி நாலேகால். வாளி காலி. கால்கள் அதைவிடக் காலி.

வாசலில் கையை ஊன்றினார். எம்ப முடியவில்லை. அப்படியே திரும்பி, வாசல் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதம் இரண்டும் சந்தில்.

“உள்ள வாங்க, மேஸ்திரி.”

“மாட்டேன். இனிமே ஒரு படி ஏறச் சொன்னாலும் அழுதுடுவேன். இங்கேயே சுகமா இருக்கு.”

உள்ளேயிருந்து ஏதோ பறந்து வந்து அவர் மடியில் விழுந்தது. இஞ்ச் டேப்.

அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

நாடாவை இழுத்தார். சந்துத் தரையில் முனையை அழுத்தி, தான் உட்கார்ந்திருந்த விளிம்பு வரை பிடித்தார். படித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

பதினெட்டு அங்குலம்.

நாடாவை மடியில் வைத்தார். பிறகு பாதங்களை மெல்லச் சந்தில் அழுத்திப் பார்த்தார். விளிம்பைத் தடவினார். எதிரே, மூன்றடி தள்ளி, தோளில் குழந்தையோடு யாரோ நிற்பதுபோலத் தலையை நிமிர்த்தினார்.

“டீச்சரம்மா… படியே வேண்டாம்!”

பென்சில் சீவும் சத்தம் நின்றது.

“ரோஸ்லின் வீட்டுத் தரையை அப்படியே நீட்டிடறேன், மூணடி! அது போய் அக்கா வீட்டுச் சுவர்ல ஒன்றரை அடி கீழே முட்டும். ஜன்னல் சுவரை எடுத்துட்டு வாசலாக்கினா, அந்த விளிம்புல அக்கா உட்கார்ந்துட்டே… ஐயோ, ஆறு மாசமா இதுமேல ஏறி இறங்கியிருக்கேனே!”

எழுந்துவிட்டார். வாளியைத் தட்டிவிட்டார். ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

“மேஸ்திரி! மணி நாலரை! வரைபடம்?”

சந்து முனையிலிருந்து, திரும்பாமலே கத்தினார்.

“அதுக்கு முன்னாடி சுலோச்சனாம்மா முழங்கால் உயரத்தை அளக்கணும்!”