ஐம்பது தாவலும் நண்டம்மாள் வீட்டுக் கூரையும்

“இருபது தாவல் வரைக்கும் பூ விழற மாதிரி விழறா. அதுக்கு மேலே புளிமூட்டை விழற மாதிரி விழறா! என் வீட்டுக் கூரையெல்லாம் உதிருது!”

ஏரிக்கரை வளைக்குள்ளிருந்து நண்டம்மாள் கத்தினாள். மூன்று நாளாக இதே புகார், ஒரு எழுத்து மாறாமல்.

வளைக்கு மேலே மூச்சிரைக்க நின்ற புள்ளிமான் செவந்திக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“பக்கவாட்டில் நடக்கிறவ நீ! எனக்குத் தாவச் சொல்லித் தர்றியா?”

“நான் ஏன்டி சொல்லித் தரப்போறேன்? எனக்கு என் கூரை முக்கியம். இருபதோட நிறுத்து. போய்ப் புல் மேய்ஞ்சு, படுத்து எழுந்து வா. அப்புறம் குதி. யார் வேண்டாங்கறா?”

“எல்லாம் பொறாமை!” என்றார் புங்கமரத்தின் மேலிருந்த கருங்குரங்கார். அந்தக் காட்டில் தாவலுக்குக் கோச் அவர்தான். அவர் தரையில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. எண்ணத் தெரியும், அவ்வளவுதான். “ஆண்மானெல்லாம் தினம் ஐம்பது தாவுது. நீ நாற்பத்தொன்பதில் நின்னாலும் பேச்சு வரும். பார்த்துக்கோ!”

இன்னும் மூன்று நாளில் ஓடை தாண்டும் போட்டி. இத்தனை வருடமும் அதில் ஆண்மான்கள் மட்டும்தான். ‘சரி, பெண்மானும் வரட்டும்’ என்று இந்த வசந்தத்தில்தான் பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். செவந்தி தோற்றால் அடுத்த வருடம் பெண்மானுக்கு இடமில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மரத்தடியில் தங்கை கொழுந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவாவது தாவத்தானே வேண்டும்?

மறுநாள் விடியலில் ஏரி தெரியவில்லை. பனிதான் ஏரியாகக் கிடந்தது. செவந்தி தாவினாள். தரை அவளை மெல்ல விட்டது. அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். புங்கம்பூ மேலே போகிறதா, கீழே வருகிறதா? தெரியவில்லை. இறங்கியபோது சத்தமே இல்லை.

இருபதுக்குப் பிறகு கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. எங்கோ தூரத்தில், பனிக்கு அந்தப் பக்கம், வேறு ஒரு மான் குதிப்பதுபோல் இருந்தது. தொம்! தொம்! தலை இனிமையாகச் சுற்றியது. அந்த மிதப்பைத் திறமை என்று நினைத்துக்கொண்டாள், பாவம். அது களைப்பு.

முப்பத்தைந்தாவது தாவலில் நண்டம்மாளின் கூரை பொத்தென்று இடிந்தது. மண்ணை உதறிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

“அடியே! உன் முழங்கால் ரெண்டும் ரகசியம் பேசற மாதிரி உள்ளே சாயுது. கீழேயிருந்து பார்க்கிற எனக்குத் தெரியுது. தொடை சோர்ந்துட்டா பாரமெல்லாம் முட்டிக்குத்தான் போகும். நம்ம பொம்பளைங்களுக்கோ இடுப்பு அகலம், முட்டி இன்னும் சுலபமா சாயும். ஆம்பிளைக்குப் போட்ட கணக்கை உனக்கு எதுக்குடி வெக்கறான் அந்தாளு?”

“முப்பத்தாறு!” என்றார் கருங்குரங்கார்.

“இன்னும் ரெண்டு நாள்தானே அக்கா!” என்றாள் செவந்தி.

“நல்லாயிரு. நான் வீடு மாத்தறேன். நீ காலை மாத்த முடியுமா?”

நண்டம்மாள் பக்கவாட்டில் நடந்து பனிக்குள் கரைந்துபோனாள்.

நாற்பத்துமூன்றாவது தாவல். செவந்தி எழும்பினாள். வானம் பக்கத்தில் வந்தது. இறங்கும்போது தரை எங்கே என்று முட்டிக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“எழுந்திரு, இன்னும் ஏழுதான்!” என்றார் கோச்.

அவள் எழவில்லை. எழ முடியவில்லை. முட்டி பலாப்பிஞ்சாய் வீங்கிக்கொண்டு வந்தது. உதிர்ந்த பூ அவள் முதுகின் புள்ளிகளோடு புள்ளியாக ஒட்டிக்கொண்டது.

கருங்குரங்கார் உச்சுக் கொட்டினார். ஒரே ஒரு தடவை. பிறகு, “கொழுந்து, நீ வாம்மா! போட்டிக்கு நாள் இல்லை. ஒன்று!” என்றார்.

கொழுந்து அக்காவைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தாவிவிட்டாள். எவ்வளவு அழகாகத் தாவினாள்! பனியில் ஒரு நிழல் நீந்துவதுபோல. செவந்திக்கு வலியிலும் கண் நிறைந்தது.

“இருபத்தொன்று! இருபத்திரண்டு!”

தரையில் காதை வைத்துக் கிடந்தவளுக்கு மண் அதிர்ந்தது. தொம்.

“அண்ணே!” என்று செவந்தி கத்தினாள். “அவளைக் கொஞ்சம் உட்கார விடுங்கண்ணே!”

“இருபத்துமூன்று!”

கருங்குரங்கார் எண்ணிக்கொண்டே போனார்.

உடம்பு போதும் என்னும்போது நிறுத்துவதும் பயிற்சிதான். அடுத்தவர் எண்ணிக்கைக்காகக் குதித்தால் போவது நம் முழங்கால்தான்.